மணவிழாவும் பழங்கால உடையும்

திருமண அழைப்பிதழ் கைக்கு வந்ததும் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "என்ன உடுத்துவது?" என்பதே. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் இக்கேள்வி இப்போது சற்றுச் சிக்கலாகியிருக்கிறது. மணமக்கள் சிலர் தம் முன்னோரின் கோலத்தில் மணவிழா நடத்த விரும்பி, "இடைக்கால உடையில் வருக" என்றோ, "கெல்ட்டிய உடையில் வருக" என்றோ விருந்தினரை வேண்டிக்கொள்கின்றனர். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை முதலில் அறிதல் நன்று.

இடைக்காலம் என்றதும் மணிமுடியும் வாளும் பட்டாடையும் பலர் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அக்கால மக்களுள் பெரும்பாலோர் உடுத்தியவை கம்பளியும் லினனுமே. ஆண்கள் முழங்கால்வரை தொங்கும் அங்கி அணிந்து, இடைவார் கட்டி, கால்களில் இறுக்கமான காலுறை பூண்டனர். பெண்கள் கணுக்கால்வரை நீண்ட, முழுக்கைகொண்ட அங்கி அணிந்தனர். மணமான பெண்கள் தலையைத் துணியால் மூடிக்கொள்வது வழக்கம். இங்கிலாந்தில் 1363-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டமொன்று, இன்ன நிலையினர் இன்ன துணிதான் உடுத்தலாம் என வரையறுத்தது. பட்டும் உயர்ந்த மென்மயிர்த் தோலும் செல்வர்க்கே உரியவையாயின. அச்சட்டம் விரைவிலேயே நீக்கப்பட்டது. ஆகவே, ஒரே நிறத்துச் சாதாரணத் துணியில் தைத்த அங்கியும் இடைவாரும் தோளில் ஒரு போர்வையும் அணிந்து உழவர் கோலத்தில் செல்பவர், அரச கோலத்தில் வருபவரைவிட வரலாற்றுக்குக் குறைந்தவர் அல்லர். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தால் போதும்!

கெல்ட்டிய உடையைப் பொறுத்தவரை, பழைய அயர்லாந்தின் கோலம் மிக எளியது: லினனால் ஆன நீண்ட சட்டை, அதன்மேல் கம்பளிப் போர்வை, போர்வையைப் பிணைக்க ஓர் ஊசி. அவ்வூசியில்தான் அம்மக்களின் கைத்திறன் முழுவதும் வெளிப்பட்டது. 1850-இல் கண்டெடுக்கப்பட்ட 'தாரா' ஊசி இன்றும் டப்ளின் அருங்காட்சியகத்தில் காண்போரை வியக்கவைக்கிறது. நம் விருந்தினருக்கு விலை குறைந்த ஓர் உலோக ஊசியே போதுமானது.

ஸ்காட்லாந்தின் 'கில்ட்' என்னும் மடிப்புப் பாவாடையையும் இடைக்கால உடை எனக் கருதுவோர் உண்டு. அது சரியன்று. இன்றைய வடிவிலான கில்ட் 18-ஆம் நூற்றாண்டில்தான் தோன்றியது. அதற்கொரு துயர வரலாறும் உண்டு. 1746-இல் கலோடன் போரில் மலைநாட்டுப் படை தோற்றபின், அவ்வாண்டே அரசு மலைநாட்டு உடையைத் தடைசெய்தது. மீறிய ஆண்களுக்கு ஆறு மாதச் சிறை. மறுமுறை மீறினால் ஏழாண்டு நாடுகடத்தல். அரசனின் படையில் பணிபுரிந்தோர்க்கு மட்டும் விலக்கு இருந்தது. 1782-இல்தான் இத்தடை நீங்கியது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்து அங்குக் கில்ட் அணிந்தபோது, தடைசெய்யப்பட்ட அவ்வுடையே நாட்டின் பெருமையாயிற்று. ஒருவன் சிறை செல்லக் காரணமாயிருந்த உடையை மற்றவர் நகைப்புக்காக அணிதல் தகுமோ?

எனவே கில்ட் அணிவோர் முறையாக அணியவேண்டும். மடிப்புகள் பின்புறமும், கீழ்விளிம்பு முழங்காலின் நடுவிலும் அமையவேண்டும். முழுமையான கில்டுக்கு எட்டுக் கெஜம் கம்பளித் துணி வேண்டியிருப்பதால் விலை மிகுதி. வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். குடும்பத்துக்குரிய 'டார்ட்டன்' கட்டம் இல்லாதவர் யாவர்க்கும் பொதுவான 'பிளாக் வாட்ச்' கட்டத்தை அணியலாம். 'பால்மோரல்' கட்டமோ அரச குடும்பத்துக்கே உரியது. பெண்கள் சாதாரண நீண்ட அங்கியின்மேல் ஒரு டார்ட்டன் பட்டியைத் தோளில் ஊசியால் பிணைத்தாலே அழகு நிறையும். காலுறையில் செருகும் சிறு கத்தியை, விமானத்தில் செல்வோர் கைப்பையில் வைத்தலாகாது.

வெண்ணிறத்தைப் பற்றி ஒரு சொல். இடைக்கால மணமகள் தன்னிடமிருந்த சிறந்த உடையை, அது எந்நிறமாயினும், அணிந்தாள். 1840-இல் விக்டோரியா அரசி வெண்ணுடையில் மணந்த பின்னரே அந்நிறம் பரவியது. ஆயினும் இன்று அது மணமகளுக்கு உரியதாகிவிட்டமையால், விருந்தினர் வரலாற்றைச் சான்று காட்டி வெள்ளை உடுத்துதல் நாகரிகமன்று.

இறுதியாக, அழைப்போர்க்கும் ஒரு கடமை உண்டு. உடைக்கு வகையில்லாமல் ஓர் ஏழை உறவினர் வராது நின்றுவிட்டால், அவ்விழாவின் அழகு யாருக்காக? "இயன்றவர் இவ்வாறு வருக, மற்றவர் தமக்குள்ள நல்லுடையில் வருக" என்று ஒரு வரி அழைப்பிதழில் சேர்ப்பது பெருந்தன்மை. அயல்நாட்டிலிருந்து வருவோர், தம் நாட்டு மணவிழா உடையில் வரலாமா என முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். மகிழ்வோடு இசைவோரே பலர்.

உடை விருந்தினரைக் காட்டுவதற்கன்று. மணமக்களின் மகிழ்ச்சியில் அவரும் ஒருவர் என்பதைக் காட்டுவதற்கே. இதனை மனத்தில் கொண்டால், எந்நாட்டு உடையும் எக்காலத்து உடையும் பொருத்தமாகவே அமையும்.