கீழாநெல்லி: வீட்டு மருந்தும் அதன் எல்லையும்

மழை தொடங்கிய சில வாரங்களில் தோட்டக்கால்களிலும், வரப்போரங்களிலும், வீட்டுக் கொல்லைகளிலும் தானாகவே முளைத்துவிடும் பூண்டுகளுள் கீழாநெல்லியும் ஒன்று. களையெடுப்போர் இதனைப் பிற களைகளோடு பிடுங்கி எறிந்துவிடுகின்றனர். ஆயினும், வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் முதலில் தேடப்படுவதும் இப்பூண்டே. இதனைப் பக்குவம் செய்யும் முறையையும், இதனை மட்டும் நம்பியிருக்கலாகாத சமயங்களையும் குடியானவர்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

செடியை அறியும் விதம்

இச்செடி 1 முதல் 2 அடி உயரம் வளரும். சிறு கிளைகளின் இருபுறமும் இலைகள் வரிசையாக அமைந்திருப்பதால் பார்வைக்குப் புளியிலை போலத் தோன்றும். சிறிய பூக்களும் உருண்டைக் காய்களும் இலைகளின் கீழே தொங்குவதால் இப்பெயர் பெற்றது. தாவர நூலார் இதனைப் பில்லாந்தஸ் அமாரஸ் என்பர்; அமாரஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குக் கசப்பு என்பது பொருள். தண்டு சிவந்து, காய்கள் காம்பின்றிச் சொரசொரப்பாக இருப்பின் அது சிவப்புக் கீழாநெல்லி என்னும் வேறு இனமாகும். தண்டை ஒடிக்கும்போது பால் கசியுமாயின் அது கீழாநெல்லியன்று. அம்மான் பச்சரிசி போன்ற பிறிதொரு பூண்டாகும்.

சேகரித்தலும் உலர்த்தலும்

காய் பிடித்து, இலைகள் பசுமை குன்றாதிருக்கும் பருவத்தில் செடியை வேரோடு பிடுங்கலாம். களைக்கொல்லி அல்லது பூச்சி மருந்து தெளித்த நிலத்திலும், சாக்கடை ஓரத்திலும் வளர்ந்ததை மருந்துக்கு எடுத்தல் கூடாது. மண் போக அலசி, நிழலில் பரப்பி உலர்த்துக. பில்லாந்தின் என்னும் சத்து தண்டைவிட இலையிலேயே மிகுதி. ஆதலால் உதிரும் இலைகளை வீணாக்காமல் சேர்த்து, ஈரம் புகாத பாத்திரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சில செடிகளை விதைக்கென விட்டுவைத்தால் மறு மழைக்கும் குறைவிராது.

பக்குவங்கள்

பசுஞ்செடியை அரைத்து, கொட்டைப்பாக்களவு விழுதை ஒரு தம்ளர் மோரில் கலந்து காலையில் வெறும் வயிற்றில் அருந்துவது நெடுங்கால வழக்கம். குடிநீர் செய்ய, ஒன்றிரண்டாக இடித்த உலர்ந்த செடி 10 கிராமை 200 மில்லி நீரிலிட்டு, 50 மில்லியாகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டுவர். தேநீராக அருந்துவோர் ஒரு தேக்கரண்டி உலர்ந்த இலையைக் கொதிநீரிலிட்டு, 10 நிமிஷம் மூடிவைத்து, சிறிது சுக்கும் பனைவெல்லமும் சேர்ப்பர். ஈயப் பூச்சற்ற பித்தளை, செம்புப் பாத்திரங்களைத் தவிர்த்து மண்கலத்தில் காய்ச்சுதல் நலம்.

சோதனைகள் கூறுவது

1988-ஆம் ஆண்டில், சென்னையில் நடந்த ஒரு சோதனையின் முடிவு லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. ஹெபடைடிஸ் பி கிருமியை நெடுநாளாகத் தாங்கியிருந்தவர்களுள் இம்மருந்தை உண்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் அக்கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. இது உலகெங்கும் நம்பிக்கையை எழுப்பியது. ஆனால் பிறகு நடந்த பல சோதனைகளில் இப்பலன் உறுதிப்படவில்லை.

இதன் புகழுக்கு வேறொரு காரணமும் உண்டு. அசுத்த நீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ ஆகியவற்றால் வரும் காமாலை, பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். தானே தணியும் நோயில் எம்மருந்தும் பெயர் பெறுதல் எளிது.

அபாயமான சமயங்கள்

மஞ்சள் நிறம் ஓர் அடையாளமேயன்றித் தனி நோயன்று. சேற்று வயலில் வேலை செய்வோர்க்குக் காய்ச்சல், தசைவலி, கண் சிவப்பு ஆகியவற்றோடு காமாலை கண்டால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) மருந்து விரைவில் வேண்டும். பித்தநீர்க் குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளிக்கும். அது கஷாயத்தால் நீங்காது. கர்ப்பிணிகளுக்கு ஹெபடைடிஸ் ஈ உயிருக்கே அபாயம் விளைவிக்கும். பிறந்த சிசுவுக்குக் கஷாயம் புகட்டுதல் அறவே கூடாது. மயக்கம், பிதற்றல், ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு ஆகியவற்றுள் எது தோன்றினும் ஒரு நாளும் தாமதித்தலாகாது. நீரிழிவு மருந்து உண்போர் வைத்தியரைக் கேட்டே இதனை உட்கொள்ள வேண்டும்.

கிராம அதிகாரிகளின் கடமை

ஒரே தெருவில் பலர்க்குக் காமாலை காணின், கிராம அதிகாரிகள் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்து, குடிநீர்த் தொட்டியில் குளோரின் இடச் செய்து, சாக்கடை நீர் கலக்கும் குழாய் உடைப்புகளைச் செப்பனிட வேண்டும். வீடுதோறும் நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி சொல்லுதல், வீடுதோறும் கீழாநெல்லி அரைப்பதினும் மேலான உபகாரமாகும்.

வரப்பின் இச்சிறு பூண்டை வீசி எறிய வேண்டுவதில்லை. அதனை நம்பி வைத்தியரிடம் போகும் நாளைத் தள்ளிப்போடவும் வேண்டுவதில்லை.