‘இன்னும் இரண்டே மாதம்!’

கண்ணால் பார்த்திராத ஒரு கேம் கருவிக்கு 330 டாலர் முன்பணம் கட்ட ஆள் வருமா? வந்தது. 2008 செப்டம்பர் 30 அன்று பாண்டோரா என்ற அந்தக் கருவிக்கு முன்பதிவு தொடங்கியது. முதல் தொகுதி 4000 கருவிகள். அத்தனைக்கும் ஆட்கள் இருந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் கைக்கு வந்துவிடும் என்று பேச்சு. முதல் பார்சல் கிளம்பியது 2010 மே மாதம்.

இடையில் என்னென்னவோ நடந்தது. தயாராகாத பொருளுக்குப் பணம் வாங்குவது வங்கிக்கு உறுத்தியது. கார்டில் கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிவிட்டது. தப்பித்தோம் என்று ஒதுங்கியிருக்கலாம். பலர் அதே பணத்தை வேறு வழியில் மறுபடி கட்டினார்கள். பிளாஸ்டிக் கூட்டுக்கான அச்சு ஒழுங்காக அமையாமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தது. கட்டைவிரலால் தள்ளும் இரண்டு குமிழ்களை இதற்கென்றே தனியாகச் செய்யவேண்டியிருந்தது. எப்போது வரும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ‘இன்னும் இரண்டே மாதம்’ என்ற பதில்தான். போகப்போக அந்தப் பதிலையே ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பின்னால் பதிவு செய்தவர்களில் சிலருக்குக் கருவி வந்து சேரவே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

காத்திருந்த பொருள் இதுதான்: மூடித் திறக்கும் சின்னப் பெட்டி, 4.3 அங்குலத் தொடுதிரை, 43 விசைகள் கொண்ட கீபோர்டு, எஸ்டி கார்டு செருக இரண்டு இடம், 600 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி ரேம். இன்றைய கணக்கில் ஒன்றுமே இல்லை. அன்றைக்கு அது கோட்டுப் பையில் அடங்கும் முழு லினக்ஸ் கம்ப்யூட்டர். ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் பத்து மணி நேரம் தாங்கும்.

ஆனால் அந்தப் பொறுமைக்குக் காரணம் பிராசசரோ பேட்டரியோ இல்லை. பாண்டோராவைத் திட்டமிட்டவர்கள் ஜிபி2எக்ஸ் என்ற கருவியை வைத்து விளையாடிக்கொண்டிருந்த ரசிகர்கள். அது 2005 நவம்பரில் தென் கொரியாவிலிருந்து வந்தது. உள்ளே லினக்ஸ், மின்சாரத்துக்கு இரண்டு பென்டார்ச் செல். சாதாரண செல் போட்டால் ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் தீர்ந்துபோகும், அது வேறு விஷயம். அதற்கும் மூத்தது 2001இல் வந்த ஜிபி32. வாங்கியவர் தன் கருவியைப் பதிவு செய்துகொண்டால் போதும், தானே எழுதிய புரோகிராமை அதில் ஓட்டலாம். மற்ற கேம் கருவிகள் எல்லாம் பூட்டிக் கிடந்த காலத்தில் இது சின்ன சலுகையில்லை. எழுதத் தெரிந்தவர்கள் தேடி வந்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் அவர்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அடுத்த கருவியில் எந்த பட்டன் எங்கே இருக்கவேண்டும், கீபோர்டில் எந்த எழுத்து எந்த இடத்தில் என்பதெல்லாம் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே பேசிச் சண்டை போட்டு முடிவானது. அவர்கள் பணம் கட்டிய கருவியில் அவர்களுடைய யோசனையும் இருந்தது. இருபது மாதம் பொறுத்துக்கொண்டது அதனால்தான்.

இப்போது காத்திருக்கத் தேவையில்லை. பாண்டோராவைவிட வேகமான கருவிகள், சட்டைப்பையில் அடங்கும் அளவில், அதன் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. சீனத்திலிருந்து மாதம் ஒரு புது மாடல் என்று சொன்னாலும் மிகையில்லை. கூடவே பழைய கேம்கள் ஆயிரக்கணக்கில் ஏற்றிய மெமரி கார்டும் வரும். தொண்ணூறுகளில் ‘9999 இன் 1’ என்று லேபிள் ஒட்டிய கார்ட்ரிட்ஜை நம்மூர்க் கடைகளில் வாங்கியவர்களுக்கு இந்த ஏற்பாடு பழக்கமானதுதான். அந்த கேம்களின் பதிப்புரிமை தனிப் பஞ்சாயத்து; இங்கே வேண்டாம்.

எனக்கு உறுத்துவது வேறு. பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள் யார் எழுதியது?

2009இல் டிங்கூ என்ற மலிவுக் கருவி வந்தது. அதில் லினக்ஸ் கிடையாது. ஓர் ஆர்வலர் முயன்று அதில் லினக்ஸை ஓடவைத்தார். அதற்கு டிங்கக்ஸ் என்று பெயர் வந்தது. பிறகு பலர் சேர்ந்து அதை ஓப்பன்டிங்கக்ஸ் ஆக்கினார்கள். 2013இல் மக்களிடம் நிதி திரட்டி உருவான ஜிசிடபிள்யூ ஜீரோ என்ற கருவி அதைக் கொண்டே ஓடியது. 2019இல் ஆர்ஜி350 என்ற கருவி வந்தபோது உள்ளே ஜீரோவில் இருந்த அதே ஜேஇசட்4770 சிப், அதே மென்பொருளின் வாரிசு. ஓட்ராய்டு கோ அட்வான்ஸ் என்ற கருவியின் விஷயமும் இப்படித்தான். அது 2020இல், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் மூலநிரலோடு வெளிவந்தது. அதில் இருந்த ஆர்கே3326 சிப்பையே வைத்து வேறு கருவிகள் அடுத்தடுத்து சந்தைக்கு வந்தன. தன்னார்வலர்கள் எழுதியவை அவற்றுக்கும் இடம் பெயர்ந்தன.

இதில் சட்ட விரோதம் எதுவும் இல்லை. லினக்ஸ் கெர்னலைப் போல ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வந்த நிரலை விற்கும் பொருளில் சேர்க்கலாம். எழுதியவருக்குப் பங்கு தரவேண்டியதில்லை. முக்கியமான நிபந்தனை, வாங்கியவர் கேட்டால் மாற்றங்களோடு மூலநிரலைத் தரவேண்டும். எல்லோரும் தருவதில்லை. தராவிட்டால் தட்டிக்கேட்க ஆள் இல்லை. சம்பளமில்லாமல் நிரல் எழுதும் மனிதர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்? பழைய கருவிகளைப் போல நடித்து அவற்றின் கேம்களை ஓட்டும் எமுலேட்டர்களில் வேறொரு சிக்கல். சூப்பர் நின்டெண்டோ கேம்களை ஓட்டும் எஸ்நெஸ்9எக்ஸ், சொந்த உபயோகத்துக்கு இலவசம், வியாபாரத்துக்குக் கூடாது என்று தன் உரிமத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. ஆர்கேட் கேம்களுக்கான மேமும் 2016 வரை அப்படித்தான் இருந்தது. கடையில் வாங்கும் கருவிகளில் இவை ஏற்கெனவே ஏறியிருப்பதைப் பார்க்கும்போது, அந்த வரியை யாராவது படித்தார்களா என்றே தெரியவில்லை.

மூலநிரல் வராததன் விளைவு உடனே கண்ணில் படாது. ஆர்கே3326 கருவிகள் பலவும் 4.4 என்ற கெர்னலில் ஓடின. அது 2016 ஜனவரியில் வெளியான பதிப்பு. 2022 பிப்ரவரியில் அதற்கான பராமரிப்பே நின்றுபோனது. புதிய கெர்னலுக்கு மாற்றவேண்டுமென்றால் திரை எப்படி விழிக்கிறது, பட்டன் எந்தக் கம்பியில் போகிறது, ஒலிக்கு எந்தச் சில்லு என்று ஒவ்வொன்றாகத் துருவவேண்டும். தயாரிப்பாளரிடம் ஒரே கோப்பில் இருக்கும் விவரம், இங்கே ஒருவரின் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்கிறது. அதற்குள் அடுத்த மாடல் வந்துவிடும், சற்றே வேறு திரையோடு. ‘என் கருவிக்கு எப்போது?’ என்று ஆயிரம் பேர் கேட்பார்கள். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கடைக்காரரிடம் பணம் கொடுத்திருக்கிறார்கள். பதில் சொல்பவர் அந்தக் கடையில் வேலை பார்க்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஒருநாள் அவர் விலகிவிடுவார். இந்தக் கருவிகளுக்கான ஜெலோஸ் என்ற பிரபலமான இயங்குதளம் 2024இல் நிறுத்தப்பட்டது. நல்லவேளையாக வேறு சிலர் அதன் நிரலிலிருந்து ராக்னிக்ஸ் என்று தொடர்ந்தார்கள். தொடர ஆள் இல்லாத கருவிகளின் கதி? மேசை டிராயர்தான்.

மலிவாக வந்ததால்தானே பள்ளிப் பிள்ளை முதல் எல்லோர் கைக்கும் கிடைக்கிறது, பாண்டோரா சில ஆயிரம் பேருக்கான விளையாட்டுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். ஆனால் லட்சம் பேர் வாங்கும் ஒன்றைப் பத்துப் பேர் தாங்கினால் அது எத்தனை நாள் ஓடும் என்ற கணக்கை அவர்களும் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எல்லாமே இப்படியில்லை. 2015இல் மக்களிடம் நிதி திரட்டிய ஆர்டுபாய் என்ற கருவியில் ரேம் இரண்டரை கேபி, திரை 128க்கு 64 புள்ளி, கறுப்பு வெள்ளை. யாரோ எழுதிய கேமை விளையாடுவதோடு நிற்காமல் தானும் ஒன்று எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றவைக்கும் கருவி அது. அந்த ரகத்தில் இன்னும் சில உண்டு. பெரிய சந்தை கிடையாது.

பாண்டோராவின் வாரிசான பைராவுக்கு 2016இல் முன்பதிவு ஆரம்பித்தது. முதல் கருவிகள் 2020 இறுதியில்தான் கைக்கு வந்தன. இரண்டு மாதம் என்ற பழைய ஜோக்கை மறுபடி தூசி தட்டினார்கள். இதற்கு நடுவே, 2019இல், லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு திருத்தத் தொகுப்பு போனது. பாண்டோராவில் ஓடாமல் நின்றிருந்த வைஃபையை மறுபடி ஓடவைப்பதற்காக. முதல் கருவி வெளிவந்து அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது.