கேட்காமல் போட்ட கட்டாயம்

குடிமக்கள் ராணுவத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று சுதந்திர இந்தியா சட்டம் போட்டதில்லை. அதற்குச் சற்று நெருங்கி வந்தது, ஒரு காலத்தில் கல்லூரிகளில் கட்டாயமாக இருந்த என்.சி.சி.தான்.

1962 சீனப் போரில் பட்ட அடி ஆறும் முன்பே, 1963-ல் அந்தக் கட்டாயம் வந்தது. மதுரைக் கல்லூரி மாணவர்களும் காக்கி உடுப்பும் கனத்த பூட்ஸுமாக மைதானத்தில் இறங்கினார்கள். ‘சாவ்தான்’ என்றால் விறைத்து நிற்க வேண்டும். ‘விஷ்ராம்’ என்றால் காலை அகட்டலாம். கட்டளைகள் இந்தியில். ஊரின் மனநிலையோ வேறு. 1965 ஜனவரி 25 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போன மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் மதுரையில் மூண்ட மோதல், மாநிலமெங்கும் தீயாகப் பரவியது.

1967-ல் ஆட்சி மாறியது. 1968 ஜனவரி 23 அன்று, அண்ணா முதல்வராக இருந்தபோது, சட்டமன்றம் தீர்மானம் போட்டது: என்.சி.சி.யில் இந்திக் கட்டளைகள் கூடாது. எடுக்காவிட்டால் இங்கே என்.சி.சி.யே வேண்டாம். அதே ஆண்டு நாடு முழுவதும் கட்டாயம் நீங்கி, விரும்பினால் சேரலாம் என்றானது.

இதே விஷயத்தை மக்களிடமே கேட்ட நாடுகளும் உண்டு. 2013-ல் சுவிட்சர்லாந்தில் பொது வாக்கெடுப்பு நடந்தபோது, கட்டாய ராணுவச் சேவை தொடரட்டும் என்று 73 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அதே ஆண்டு ஆஸ்திரியாவிலும் கிட்டத்தட்ட 60 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். பாரம் சுமக்கப்போகிறவர்களும் சேர்ந்து எடுத்த முடிவு என்பதால், அந்தக் கட்டாயத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

நம் அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவும் பொது நோக்கத்துக்காகக் கட்டாயச் சேவை விதிக்க அரசுக்கு இடம் தருகிறது. மதம், இனம், சாதி, வர்க்கம் பார்த்து விதிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் ஆள் பஞ்சம் இருந்தால்தானே அந்தப் பேச்சு? உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்துப் பையன்கள் ஆள்சேர்ப்பு முகாமுக்காக விடியுமுன்னே எழுந்து ஓடிப் பழகுகிறார்கள். 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடித்தால் முழு மதிப்பெண். 2022-ல் வந்த அக்னிபத் திட்டப்படி அவர்களுக்குக் கிடைப்பது நான்கு ஆண்டுப் பணி. அதன் பிறகு நிரந்தரமாகத் தொடர வாய்ப்பு நால்வரில் ஒருவருக்குத்தான்.

‘எல்லாரையும் இரண்டு வருஷம் பட்டாளத்துக்கு அனுப்பணும்’ என்று டீக்கடையிலும் டி.வி. விவாதத்திலும் முழங்குகிறவர்கள் ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும்: ஆசையோடு ஓடி வருகிறவனையே நாலு வருஷத்தில் வீட்டுக்கு அனுப்பும்போது, வர மாட்டேன் என்பவனை இழுத்து வந்து என்ன செய்யப்போகிறோம்?