ஏன் என்று கேட்காத சட்டம்

2018 ஜூன் மாதம், அமெரிக்காவின் நார்ஃபோக் கடற்படைத் தளத்தில் பிராண்டன் கசேர்டா என்ற 21 வயது மாலுமி உயிரை மாய்த்துக்கொண்டார். பெற்றோர் ஓய்ந்துவிடவில்லை; ஒவ்வொரு அரசியல்வாதியின் கதவாகத் தட்டினார்கள். 2021 டிசம்பரில் மகன் பெயரிலேயே சட்டம் வந்தது. மனநல உதவி வேண்டும் என்று சிப்பாய் கேட்டால், மேலதிகாரி காரணம் கேட்காமல் சீக்கிரமே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இதை நடைமுறைப்படுத்தும் உத்தரவு வெளிவரவே 2023 மே மாதம் ஆகிவிட்டது.

காலில் அடிபட்டால் சிப்பாய் தயங்காமல் காட்டுவார். தூக்கமே வரவில்லை என்று சொல்ல மட்டும் நாக்கு எழாது. பதவி உயர்வு போய்விடுமோ, கூட இருப்பவன் கோழை என்பானோ என்ற பயம். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் போய்வந்தவர்களில் சுமார் 3 லட்சம் பேருக்குப் போர் அதிர்ச்சியோ மனச்சோர்வோ இருப்பதாக ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008-இல் கணக்கிட்டது. இரண்டு ஆண்டுகளில் இதனால் நாட்டுக்கு 620 கோடி டாலர் வரை இழப்பு. அதில் பெரும்பகுதி மருத்துவமனைச் செலவல்ல. வேலைக்குப் போக முடியாமல் போனதால் வந்தது. தரமான சிகிச்சை கொடுத்தால் அந்தச் செலவு இரண்டே ஆண்டுகளில் திரும்பிவிடும் என்றும் அதே ஆய்வு சொன்னது. அதனால் ராணுவ மனநலப் பிரிவின் நிதியில் கை வைப்பதைச் சிக்கனம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தனைக்கும் இந்தச் சிகிச்சைக்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். பரவலாகக் கையாளப்படும் ஒரு முறையில் மொத்தமே சுமார் 12 அமர்வுகள்தான். தன்னை உலுக்கிய சம்பவம் ஏன் நடந்தது என்று தான் நினைப்பதை வீரர் தன் கைப்பட எழுதிவர வேண்டும். 'நான் கவனமாக இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்' என்று எழுதியிருப்பார். ஆலோசகர் அந்த வரியிலேயே நிற்பார். அந்த நொடியில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது? வேறு என்ன செய்திருக்க முடியும்? வருடக்கணக்கில் சுமந்த குற்றவுணர்வு, கேள்வி கேள்வியாக இளகத் தொடங்கும்.

வியட்நாம் வீரர்களுக்காக 1979-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'வெட் சென்டர்' என்னும் ஆலோசனை மையங்கள் இன்று சுமார் 300 இருக்கின்றன. ஆஸ்பத்திரி வாசனையே இல்லாத, ஊருக்குள்ளேயே இருக்கும் கட்டடங்கள். ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. எதிரே உட்கார்ந்து கேட்பவர் பல இடங்களில் முன்னாள் சிப்பாய்தான். வந்தவர் சம்மதிக்காமல் குறிப்பேடு வெளியே போகாது.

பணம் போக வேண்டியது இப்படிக் கேட்கத் தெரிந்த மனிதர்களுக்குத்தான். தைரியத்தைத் திரட்டி வாய் திறந்த சிப்பாய்க்கு இரண்டு மாதம் கழித்துத் தேதி கொடுத்தால், அவர் இன்னொரு முறை வந்து கேட்கமாட்டார்.