தோழமையில் தொடங்கும் தொண்டு



பட்டணத்திற்குள் நுழையும் சாலையோரத்தில் பற்சக்கரம் பொறித்த பலகையையோ, இருபுறமும் நோக்கும் சிங்க முகங்கள் பொறித்த பலகையையோ நீங்கள் கண்டிருக்கலாம். பற்சக்கரம் ரோட்டரி கழகத்தின் சின்னம். சிங்க முகங்கள் லயன்ஸ் கழகத்தின் சின்னம். கண் பரிசோதனை முகாம், இரத்ததான முகாம் முதலியன நடைபெறும் இடங்களிலும் இச்சின்னங்களைக் காண்கிறோம். இக்கழகங்கள் எவ்வாறு தோன்றின? உழைத்துப் பிழைக்கும் நம் குடும்பங்களுக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தனிமை தந்த எண்ணம்

அமெரிக்க நாட்டின் சிற்றூர் ஒன்றில் பாட்டனாராலும் பாட்டியாராலும் வளர்க்கப்பட்டவர் பால் ஹாரிஸ். அச்சிற்றூரில் எல்லாரும் எல்லாரையும் அறிவர். அவர் வழக்குரைஞராகி, 1896ஆம் ஆண்டில் சிகாகோ மாநகருக்குக் குடியேறினார். அங்கே மக்கள் கூட்டத்திற்குக் குறைவில்லை. ஆனால் மனம் விட்டுப் பேச நண்பர் இல்லை. இத்தனிமையே அவரைச் சிந்திக்க வைத்தது. 1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், நிலக்கரி வணிகர் ஒருவர், சுரங்கப் பொறியாளர் ஒருவர், தையற்காரர் ஒருவர் ஆகிய மூவருடன் அவர் கூடிப் பேசினார். கூட்டம் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் உறுப்பினரின் அலுவலகத்தில் சுழன்று நடைபெற்றமையால், 'சுழல்வது' எனப் பொருள்படும் ரோட்டரி என்னும் பெயர் வந்தது.

தொடக்கத்தில் அவர்கள் நாடியது நட்பும் தொழில் வளர்ச்சியுமே. தமக்குள்ளேயே முடிந்துவிடும் நட்பு நிறைவு தராது என்பதை விரைவில் உணர்ந்தனர். 1907ஆம் ஆண்டில் சிகாகோவில் பொதுக் கழிப்பறைகள் அமைய முயற்சி எடுத்தனர். அதுவே அவர்களுடைய முதல் பொதுத்தொண்டு எனப் போற்றப்படுகிறது. பெருந்தொண்டு எளிய தேவையிலிருந்தே தொடங்கும் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

அதே சிகாகோவில் காப்புறுதித் தொழில் செய்த மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் 1917ஆம் ஆண்டில் லயன்ஸ் கழகம் தோன்றியது. 1925ஆம் ஆண்டில், கண் பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார் அக்கழகத்தாரின் மாநாட்டில் உரையாற்றி, பார்வையற்றோருக்குத் துணை நிற்குமாறு வேண்டினார். கண்ணொளி காக்கும் பணி லயன்ஸ் கழகத்தின் தலையாய பணியாக இன்றளவும் விளங்குவதற்கு அவ்வேண்டுகோளே காரணம்.

நம் நாடுகளுக்கு வந்த வரலாறு

1930ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ரோட்டரி கழகம் அமைந்தது. அக்காலத்தையொட்டி மலாயாவின் பெரிய பட்டணங்களிலும் கழகங்கள் தோன்றின. வெள்ளையர் ஆட்சி நடந்த அந்நாளில், ஐரோப்பியரும் ஆசியரும் ஒரே மேசையில் அமர்ந்து உணவு உண்டு உரையாடியது அரிய காட்சியாகும். எனினும் குறைகளும் இல்லாமல் இல்லை. உறுப்பினர் பெரும்பாலும் வணிகரும் உயர் அலுவலருமே. பெண்களுக்கு நெடுங்காலம் இடமில்லை. 1980களின் இறுதியில்தான் இவ்விரு கழகங்களும் பெண்களுக்குக் கதவு திறந்தன. பின்னர் லயன்ஸ் கழகம் 2018ஆம் ஆண்டிலும், ரோட்டரி கழகம் 2022ஆம் ஆண்டிலும் முதன்முறையாக ஒரு பெண்மணியை உலகத் தலைவராகப் பெற்றன.

இளம்பிள்ளைவாதத்தை எதிர்த்த போர்

கூட்டு முயற்சியின் வலிமைக்கு ஒரு சான்று காண்போம். குழந்தைகளின் கால்களைச் செயலிழக்கச் செய்யும் போலியோ என்னும் இளம்பிள்ளைவாதத்தை ஒழிக்க, 1979ஆம் ஆண்டில் பிலிப்பீன்ஸ் நாட்டுக் குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து வழங்கும் பணியை ரோட்டரி கழகம் மேற்கொண்டது. 1985ஆம் ஆண்டில் அப்பணியை உலகெங்கும் விரிவுபடுத்தியது. 1988ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம், யூனிசெப் முதலியவற்றுடன் கைகோத்தது. அவ்வாண்டில் 125 நாடுகளில் ஏறத்தாழ 3,50,000 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். பின்னர் அந்த எண்ணிக்கை 99 விழுக்காட்டிற்கும் மேலாகக் குறைந்தது. 2014ஆம் ஆண்டில் இந்தியா அடங்கிய தென்கிழக்காசிய வட்டாரம் போலியோ அற்றதென அறிவிக்கப்பட்டது.

ஆயினும் நாம் அயர்ந்துவிடலாகாது. மலேசியாவில் 27 ஆண்டுகள் தலைகாட்டாத இந்நோய், 2019ஆம் ஆண்டு டிசம்பரில் சபாவில் ஒரு பச்சிளங்குழந்தையைத் தாக்கியது. பெற்றோர்களே, பிள்ளைக்கு உரிய காலத்தில் தடுப்பு மருந்து கொடுப்பதும் ஊருக்குச் செய்யும் தொண்டே ஆகும்.

அமைதியும் தலைமைப் பண்பும்

இக்கழகங்கள் அமைதியை எங்ஙனம் வளர்க்கின்றன? லயன்ஸ் கழகத்தில் பொதுநலம் பற்றி எதனையும் பேசலாம். ஆனால் கட்சி அரசியலையும் சமயப் பூசலையும் விவாதித்தல் ஆகாது என்பது விதி. மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் ஒன்றுகூடி ஒரு முதியோர் இல்லத்திற்கு வண்ணம் பூசும்போது, ஒருவரையொருவர் அறிந்துகொள்கின்றனர். அறிந்தவரிடத்தில் ஐயம் நீங்கும். ஐயம் நீங்கிய இடத்தில் அமைதி நிலவும்.

தலைமைப் பயிற்சியும் அவ்வாறே எளியது. பொதுவாகக் கழகத் தலைவரின் பதவிக்காலம் ஓராண்டே. இன்று தலைமை தாங்குபவர் அடுத்த ஆண்டு நாற்காலி அடுக்குவார். பொதுமக்களிடம் திரட்டிய பணத்தைப் பொதுத்தொண்டுக்கே செலவிடவேண்டும். கழகச் செலவுக்கு உறுப்பினர் சந்தாவே உரியது. இத்தகைய ஒழுங்கே நம்பிக்கையைத் தருகிறது.

ரோட்டரி உறுப்பினர்கள் எச்செயலுக்கும் முன் நான்கு வினாக்களைத் தம்மிடமே கேட்டுக்கொள்வர். இது உண்மைதானா? அனைவர்க்கும் நியாயமானதா? நட்பை வளர்க்குமா? யாவர்க்கும் நன்மை தருமா? 1932ஆம் ஆண்டில், நொடித்துப்போகும் நிலையிலிருந்த ஒரு நிறுவனத்தை மீட்க ஹெர்பர்ட் டெய்லர் என்பவர் வகுத்த வினாக்கள் இவை. பள்ளித் திடலில் சண்டை மூளும் வேளையிலும் இவை பயன்படும்!

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

"இவை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு, அன்றாடம் உழைக்கும் நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் தொண்டு நமக்குப் புதியதன்று. தோட்டத்தில் ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால், அக்கம்பக்கத்தார் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுக் காரியம் முடித்துக்கொடுப்பர். மரண சகாய நிதி என்றும், கோயில் திருவிழாக் குழு என்றும், படிப்பகம் என்றும் நம்மவர் கூடிச் செய்தவை பல. 1950களில் தமிழ் முரசு நாளிதழ் நடத்திய மாணவர் மணிமன்றம் இளைஞர் பலரை எழுத்தாளராகவும் பேச்சாளராகவும் ஆக்கியது. வள்ளுவப் பெருந்தகையும் இப்பண்புக்கென்றே 'ஒப்புரவறிதல்' என ஓர் அதிகாரம் வகுத்துள்ளார்.

இன்றோ தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியேறின. அடுத்த கதவுக்குள் யார் இருக்கிறார் என்பதே தெரியாத நிலை வந்துவிட்டது. சிகாகோவில் பால் ஹாரிஸ் உணர்ந்த தனிமை இதுவேயன்றோ? அவர் வருந்திக்கொண்டே இருந்துவிடாமல், மூவரை அழைத்துப் பேசினார். நாமும் அதனைச் செய்யலாம்.

மாணவ மணிகளே! லயன்ஸ் கழகம் 1988ஆம் ஆண்டில் தொடங்கிய உலக அமைதிச் சுவரொட்டிப் போட்டி, 11 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குரியது. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஆசிரியரிடம் இதுபற்றிக் கேட்கலாம். இடைநிலைப் பள்ளிக்குச் சென்றபின், 12 வயது முதல் 18 வயது வரையினருக்கான இண்டரேக்ட் கழகத்திலோ லியோ கழகத்திலோ சேரலாம். முன்னது 1962ஆம் ஆண்டில் தோன்றிய ரோட்டரியின் இளையோர் அமைப்பு. பின்னது லயன்ஸ் கழகத்தின் இளையோர் அமைப்பு. தலைமை, அனுபவம், வாய்ப்பு எனப் பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே லியோ.

பெற்றோர்களே! சனிக்கிழமைக் கூட்டத்திற்குப் பிள்ளை செல்ல விரும்பினால் படிப்புக் கெடும் எனத் தடுக்கவேண்டா. பெண் பிள்ளைகளையும் அனுப்பிவையுங்கள். கூட்டத்தில் எழுந்து நின்று நன்றியுரை கூறக் கற்ற பிள்ளை, நாளை தன் உரிமையையும் ஊராரின் தேவையையும் அஞ்சாமல் எடுத்துரைக்கும்.

பலகையும் சின்னமும் பிறகு வரட்டும். முதலில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவோம், நலம் கேட்போம். தொண்டு அங்கேதான் தொடங்குகிறது.