பரண்மேல் ஒரு பழைய லேப்டாப்

எபிசோடு முடியுற நேரம். வழக்கம்போல ஒரு நாவல், ஒரு மென்பொருள்.

நாவல், ஆண்டி வீயர் எழுதிய 'தி மார்ஷியன்'. முதலில் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகத்தான் போட்டார். வாசகர்கள் கேட்டதால் 2011-இல் கிண்டிலில் 99 சென்ட்டுக்குக் கொடுத்தார். கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவனுக்குப் பூமியோடு பேச வழியில்லை. என்ன பண்றான்? 1997-இல் அங்கே இறங்கி, மூன்று மாதத்துக்குள் ஓய்ந்துபோன பாத்ஃபைண்டரைத் தேடிப்போய்த் தோண்டி எடுத்துட்டு வர்றான். முடிஞ்சுபோச்சுன்னு எல்லாரும் விட்ட கருவிதான் அவனைப் பேச வைக்குது.

மென்பொருளும் அதே யோசனைதான்: சிங்க்திங். இலவசம், ஓப்பன் சோர்ஸ். இரண்டு கணினிகளில் ஒரு ஃபோல்டரை எப்போதும் ஒரே மாதிரி வைத்திருக்கும். நடுவில் எந்த நிறுவனத்தின் சர்வரிலும் உங்கள் கோப்புகள் தங்காது. பரண்மேல் கிடந்த பழைய லேப்டாப்பை இறக்கி, அதில் இதைப் போட்டு வைத்திருந்தேன். போன வருஷம் புது லேப்டாப்போட டிஸ்க் போயிடுச்சு. அப்பாவோட கடைசி தீபாவளி போட்டோக்கள் அந்தப் பழசுலதான் இருந்துச்சு.

ஒரு எச்சரிக்கை. ஒரு பக்கம் அழிச்சா மறுபக்கமும் அழிஞ்சிடும். அதனால பழைய கணினியில் 'ஃபைல் வெர்ஷனிங்' வசதியை மறக்காம ஆன் பண்ணிடுங்க. புதுசுல தவறி அழிச்ச கோப்பு, பழசுல தனியா ஒரு ஃபோல்டரில் இருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பரணை ஒருமுறை பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.