எஃப்பிஎஸ் 120, ஆனா கேம் திக்குது! காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி எங்கே பார்க்கணும்?

பார்ட் பார்ட்டா வாங்கி நீங்களே அசெம்பிள் பண்ணின சிஸ்டம். மதர்போர்டும் ப்ராசஸரும் திருச்சியில, கிராபிக்ஸ் கார்டு ஆன்லைன்ல, ரேம் ஒரு சீனியர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல. கேம் ஓடும்போது ஸ்க்ரீன் மூலையில எஃப்பிஎஸ் 120னு காட்டுது. ஆனா நடுநடுவே படம் ஒரு கணம் நின்னு, அப்புறம் குதிச்சு ஓடுது. கடையில கேட்டா, "கார்டு வீக் தம்பி, மாத்திடுங்க"ன்னு ஒரே பதில்.

புது கார்டு வாங்குற காசு நம்மள்ல பல பேருக்கு ஒரு செமஸ்டர் ஹாஸ்டல் ஃபீஸ். அறந்தாங்கியிலயோ ஆலங்குடியிலயோ இருக்கிற உங்க வீட்டுல இன்னொரு தடவை அதைக் கேட்கிறது சுலபம் இல்ல. கேட்டு வாங்கி மாட்டின பிறகும் திக்கல் அப்படியே இருந்தா நிலைமை இன்னும் மோசம். அதனால கையை பாக்கெட்டுல விடறதுக்கு முன்னாடி, ஒரு ரூபாய்கூட செலவில்லாம காரணத்தைக் கண்டுபிடிக்கிற வழியைப் பார்ப்போம்.

முதல் கேள்வி: லேகா, திக்கலா?

ரெண்டையும் நாம "லேக் அடிக்குது"ன்னுதான் சொல்றோம். ஆனா ரெண்டும் வேற வேற. ஆன்லைன் கேம்ல எதிரி ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குத் தாவுறான், ஆனா நீங்க மவுஸைத் திருப்பினா உங்க பார்வை வழுக்கிக்கிட்டுத் திரும்புதுன்னா, அது நெட்வொர்க் பிரச்சனை. வேலரண்ட் மாதிரி கேம்ல உங்க டேட்டா மும்பை சர்வருக்குப் போய் வரணும். வழியில பாக்கெட் தொலைஞ்சா எந்த கிராபிக்ஸ் கார்டாலும் காப்பாத்த முடியாது.

மவுஸைத் திருப்பும்போது மொத்தப் படமுமே நின்னு குதிச்சா அதுதான் திக்கல், அதாவது ஸ்டட்டர். உறுதி பண்ண, இன்டர்நெட்டை எடுத்துட்டு ஒரு ஆஃப்லைன் கேம் ஆடிப் பாருங்க. அப்பவும் வந்தா பிரச்சனை உங்க கேபினெட்டுக்குள்ளதான் இருக்கு.

சராசரி ஏன் ஏமாத்துது?

திருச்சி பஸ்ஸை நினைச்சுக்கோங்க. ஒரு மணி நேரத்துல ஆறு பஸ், சராசரியா பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு. ஆனா அஞ்சு பஸ் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்துட்டு, அடுத்தது ஐம்பது நிமிஷம் கழிச்சு வந்தா? சராசரி அதேதான். ஸ்டாண்டுல நிக்கிற உங்களுக்கு அது நல்ல சர்வீஸா?

எஃப்பிஎஸ்ஸும் அப்படித்தான். ஒரு செகண்டுல 50 ஃப்ரேம் தலா 10 மில்லிசெகண்ட்ல வருது, 51ஆவது ஃப்ரேம் 500 மில்லிசெகண்ட் எடுக்குதுன்னு வைங்க. மூலையில 51 எஃப்பிஎஸ்னு காட்டும். ஆனா அரை செகண்ட் படம் உறைஞ்சு நின்னிருக்கு. சீரா 60 எஃப்பிஎஸ் ஓடினா ஒவ்வொரு ஃப்ரேமும் 16.7 மில்லிசெகண்ட், 144 எஃப்பிஎஸ்னா சுமார் 6.9 மில்லிசெகண்ட். நம்ம கண்ணுக்குத் தெரியறது இந்த இடைவெளி சீரா இருக்கா இல்லையாங்கிறதுதான்.

2011ல டெக் ரிப்போர்ட் தளத்துல ஸ்காட் வாசன் இதை விளக்கி, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆகிற நேரத்தை அளந்து கார்டுகளை ஒப்பிட்டார். இன்னிக்கு ரிவ்யூக்கள்ல வர்ற "ஃப்ரேம்டைம் கிராஃப்" பரவலானதுல அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு.

அளந்து பாருங்க

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், அதோட வர்ற ரிவாட்யூனர் ரெண்டும் இலவசம். ஃப்ரேம்டைமை கிராஃபா காட்டச் சொல்லி செட் பண்ணுங்க. கூடவே ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு ரெண்டோட வெப்பம், யூசேஜ், கிளாக் ஸ்பீடு, ரேம், விரேம் அளவும் ஸ்க்ரீன்ல வரட்டும். ஒரே கேம், ஒரே இடம், பதினைஞ்சு நிமிஷம் ஆடுங்க. கோடு சமமா போனா நல்லது. ஊசி மாதிரி மேலே குத்தினா அதுதான் திக்கல். அந்த நொடியில மத்த எண்கள்ல எது மாறுச்சுன்னு குறிச்சுக்கோங்க.

இன்னொரு விஷயம்: மானிட்டரிங் சாஃப்ட்வேர் ஒண்ணு போதும். மூணு நாலு ஒண்ணா ஓடினா அதுங்களே திக்கலை உண்டாக்கலாம். ஆர்ஜிபி லைட் சாஃப்ட்வேரையும் டெஸ்ட் முடியற வரைக்கும் மூடி வைங்க.

எப்போ திக்குதுன்னு பார்த்தா, ஏன்னு தெரியும்

*புது இடத்துக்குப் போகும்போது மட்டும், முதல் தடவை மட்டும்:* இது ஷேடர் கம்பைலேஷன். ஒரு எஃபெக்ட்டை முதல் முறை வரையும்போது அதுக்கான சின்ன ப்ரோகிராமை உங்க கார்டுக்கு ஏத்த மாதிரி ப்ராசஸர் தயார் பண்ணணும். ரெண்டாவது தடவை அதே இடத்துல வராது. 2022ல எல்டன் ரிங் வெளிவந்தப்போ பெரிய கார்டு வச்சிருந்தவங்களும் திக்கலைப் பத்திப் புலம்பினாங்க. இது கேமோட குறை, உங்க பார்ட்ஸோடது இல்ல. டிரைவர் அப்டேட் பண்ணினா சேமிச்ச ஷேடர்கள் அழிஞ்சு மறுபடி முதல்ல இருந்து தொடங்கலாம். அதைப் பார்த்துப் பயப்படாதீங்க. கேம் "ஷேடர் தயாராகிறது"ன்னு காட்டினா முடியற வரைக்கும் காத்திருங்க.

*இருபது நிமிஷம் கழிச்சுத் தொடங்குது:* சூடு. பல இன்டெல் ப்ராசஸர்கள் 100 டிகிரியையும், பல ரைசன் ப்ராசஸர்கள் 90-95 டிகிரியையும் தொட்டா தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். அக்னி நட்சத்திர வெயில்ல நம்ம ஊர் ரூமுக்குள்ள இருக்கிற காத்தே கொதிக்குது, அதை வச்சுத்தான் ஃபேன் குளிர வைக்கணும். டெஸ்ட் சுலபம்: கேபினெட்டோட பக்கக் கதவைக் கழட்டிட்டு எதிர்ல டேபிள் ஃபேனை வைங்க. திக்கல் போயிடுச்சுன்னா குற்றவாளி கிடைச்சாச்சு. தூசியைத் தட்டுங்க, கல் குவாரி, கிரஷர் பக்கம் வீடு இருக்கிறவங்க இதை அடிக்கடி செய்யணும். கரன்ட் பிளக்கைப் பிடுங்கிட்டு, ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கிட்டு பிரஷ்ஷால துடைங்க. தெர்மல் பேஸ்ட் ஒரு ட்யூப் சில நூறு ரூபாய்தான்.

*ஓப்பன் வேர்ல்டு கேம்ல வண்டியில வேகமா போகும்போது:* புது ஏரியாவோட டேட்டா நேரத்துக்கு வந்து சேரல. கேமை ஹார்ட் டிஸ்க்ல போட்டிருந்தா எஸ்எஸ்டிக்கு மாத்துங்க. எஸ்எஸ்டி முழுக்க நிரம்பியிருந்தாலும் வேகம் குறையும், கொஞ்சம் காலியா வைங்க. விரேம் எல்லையைத் தொட்டு நிக்குதுன்னா டெக்ஸ்சர் செட்டிங்கை ஒரு படி இறக்குங்க. விரேம் நிரம்பினா கார்டு சிஸ்டம் ரேமைக் கடன் வாங்கும், அது மெதுவான பாதை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி 4 ஜிபி கார்டுல இது நல்லா தெரியும். அதுக்கு நாலு பிசிஐஇ லேன்தான். பழைய பிசிஐஇ 3.0 போர்டுல மாட்டினா அந்தப் பாதையும் பாதியாகிடும்.

*எப்பவுமே, எல்லா கேம்லயும்:* ரேமைப் பாருங்க. ஒரே ஸ்டிக் போட்டிருந்தா சிங்கிள் சேனல், அதாவது ரெண்டு வழிச் சாலையில ஒரு வழி அடைச்ச மாதிரி. ரெண்டு ஸ்டிக் இருந்தும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்ல மாட்டியிருந்தா பெரும்பாலான நாலு ஸ்லாட் போர்டுகள்ல அதே கதைதான். ப்ராசஸர்ல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்தான் வழக்கமா சரியான இடம். மேனுவலைப் பார்த்து உறுதி பண்ணிக்கோங்க. அடுத்து டாஸ்க் மேனேஜர்ல மெமரி ஸ்பீடு. 3200னு வாங்கின டிடிஆர்4 ரேம் 2133னோ 2400னோ காட்டுதுன்னா பயாஸ்ல எக்ஸ்எம்பி ஆன் பண்ணல. காசு கொடுத்து வாங்கின வேகம் தூங்குது. மானிட்டர் கேபிளை மதர்போர்டுல சொருகாம கிராபிக்ஸ் கார்டுல சொருகியிருக்கான்னும் குனிஞ்சு ஒரு தடவை பாருங்க.

*எப்போன்னு சொல்லவே முடியல, கேம் இல்லாதப்பவும் வருது, சத்தமும் சேர்ந்து கரகரக்குது:* இதுக்கு ஒரு கதை இருக்கு.

2022ல உலகத்தையே குழப்பின திக்கல்

2021 அக்டோபர்ல வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 இருந்தே ஆகணும்னு சொல்லுச்சு. அது ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கிற பெட்டி மாதிரி. பல ரைசன் சிஸ்டம்கள்ல இதுக்குத் தனி சிப் கிடையாது; எஃப்டிபிஎம்ங்கிற பேர்ல ஃபர்ம்வேராவே ப்ராசஸர்ல இருக்கு. பயாஸ்ல அதை ஆன் பண்ணின பிறகு பலருக்கு எப்பவாவது ஒரு தடவை மொத்த சிஸ்டமும் ஒரு கணம் திக்க ஆரம்பிச்சுது. மவுஸ் நிக்கும், பாட்டு கிழியும், அப்புறம் சரியாகிடும்.

2022 மார்ச்ல ஏஎம்டியே காரணத்தை வெளியிட்டுச்சு. எஃப்டிபிஎம் தன் தகவலை மதர்போர்டுல இருக்கிற எஸ்பிஐ ஃப்ளாஷ் மெமரியிலதான் வைக்குது. சில நேரம் அந்தப் பரிமாற்றம் இழுத்துக்கிட்டே போகும், அது முடியற வரைக்கும் சிஸ்டம் காத்துக்கிட்டு நிக்கும். தீர்வு 2022 மே மாசத்துல இருந்து பயாஸ் அப்டேட்டா வந்துச்சு (ஏஜெசா 1.2.0.7 அல்லது அதுக்குப் பிந்தையது). விண்டோஸ்ல மட்டும் இல்ல. 2023ல லினக்ஸும் ஏஎம்டி எஃப்டிபிஎம்மை ரேண்டம் எண் எடுக்கப் பயன்படுத்துறதை இதே திக்கலுக்காக நிறுத்துச்சு.

கார்டு, ரேம், எஸ்எஸ்டி எதை மாத்தியிருந்தாலும் இது தீர்ந்திருக்காது. தீர்த்தது ஒரு இலவச ஃபைல்.

நமக்கு இது ஏன் முக்கியம்? செகண்ட் ஹேண்ட்ல கைமாறுற பழைய ரைசன் போர்டுகள்ல அந்தப் பழைய பயாஸ் இன்னும் இருக்கலாம். ஸ்டார்ட் மெனுவுல "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்"னு தேடி பயாஸ் தேதியைப் பாருங்க. 2022 மேக்கு முன்னாடின்னா சந்தேகப்படலாம். டிபிஎம்மை ஆஃப் பண்ணிடலாமேன்னு தோணும். ஆனா விண்டோஸ் 11ல வேலரண்ட் அது இல்லாம ஓடாது. அப்டேட்தான் சரியான வழி.

ஆனா கவனம்: பயாஸ் அப்டேட் நடுவுல கரன்ட் போனா போர்டே எழுந்திருக்காம போகலாம். மாதாந்திர பராமரிப்பு மின்தடை அறிவிச்ச நாள்லயோ, மழை மிரட்டுற சாயங்காலத்துலயோ இதைத் தொடாதீங்க. யூபிஎஸ் இருக்கிற நண்பர் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறது உத்தமம். உங்க போர்டோட சரியான மாடல் பேரைப் பார்த்து, தயாரிப்பாளர் தளத்துல இருந்து மட்டும் ஃபைலை எடுங்க. பிட்லாக்கர் ஆன்ல இருந்தா ரெகவரி கீயை முன்னாடியே எழுதி வைங்க.

"வோல்டேஜ் கம்மி, அதான் திக்குது"

நம்ம பக்கம் அடிக்கடி கேக்குற தீர்ப்பு இது. எஸ்எம்பிஎஸ் மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் படிங்க. பல எஸ்எம்பிஎஸ்கள் 100ல இருந்து 240 வோல்ட் வரைக்கும் ஏத்துக்கும். அதுல அடங்குற வோல்டேஜ் இறக்கம் கேமைத் திக்க வைக்காது. சப்ளை தாங்கலைன்னா சிஸ்டம் ஆஃப் ஆகும் இல்ல ரீஸ்டார்ட் ஆகும், அதுதான் அடையாளம். ஆனா மறைமுகமா ஒரு தொடர்பு உண்டு: வோல்டேஜ் இறங்கினா ரூம் ஃபேன் மெதுவா சுத்தும், ரூம் சூடாகும், ப்ராசஸரும் சூடாகும். அப்போ தேவை ஸ்டெபிலைசர் இல்ல, காத்து.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்

நம்ம லேப்ல சொல்லிக் கொடுக்கிற அதே விதிதான். நாலு செட்டிங்கை ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாது. ஒண்ணு மாத்துங்க, அதே இடத்துல அதே பதினைஞ்சு நிமிஷம் ஆடுங்க, கிராஃபை ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, நோட்டுல ஒரு வரி எழுதுங்க. முதல்ல இலவசமானது: கேபிள், ரேம் ஸ்லாட், எக்ஸ்எம்பி, தூசி, டெக்ஸ்சர், பயாஸ். அப்புறம் சில நூறு ரூபாய்: பேஸ்ட், ஒரு கேபினெட் ஃபேன். அப்புறம் ஒரு ரேம் ஸ்டிக், எஸ்எஸ்டி. கிராபிக்ஸ் கார்டு கடைசி வரி.

ஒருவேளை கார்டுதான் காரணம்னே முடிவாகலாம். கார்டு யூசேஜ் எப்பவும் நூறை ஒட்டியே நின்னு, செட்டிங்கைக் குறைச்சதும் கோடு சமமாகுதுன்னா அது நியாயமான முடிவு. அப்போ வீட்டுல கேக்கும்போது உங்க கையில ஸ்க்ரீன்ஷாட் இருக்கும். கடைக்காரர் "மாத்திடுங்க தம்பி"ன்னு சொன்னாலும், "அண்ணே, இந்த கிராஃபைப் பாருங்க"ன்னு நீங்க பேச்சை ஆரம்பிக்கலாம்.